எழுபது மைல் வேகம்

அறுபத்தொன்று. பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவி மறுபடியும் அதையே காட்டியது. கர்ட்டிஸ் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்போதும் அறுபத்தொன்றுதான்.

கோடைக்கால பேஸ்பால் அணியில் பந்து வீச மணிக்கு எழுபது மைல் வேகம் வேண்டும். மகன் லேண்டனுக்கு அந்த அணியின் நீலச் சட்டையைப் போட்டுப் பார்க்காவிட்டால் கர்ட்டிஸுக்கு இந்த வருஷம் கோடையே கிடையாது.

லேண்டன் கொல்லைப்புறத்தில் நின்று வீசுவான். எதிரே அவன் அம்மா லொரீன் குந்தி உட்கார்ந்து, பிடித்துத் திருப்பி எறிவாள். லேண்டனுக்குப் பின்னால் முக்காலியில் கருவி. கண்டதிலேயே அதிகமான வேகத்தை அது நினைவில் வைத்திருக்கும். கர்ட்டிஸ் கடைசியில் வந்து பார்ப்பார்.

தூரமாக எறிந்தால் கை உரமேறும் என்று யாரோ சொன்னார்கள். எறிந்ததில் லொரீனின் தக்காளித் தொட்டிகள் நொறுங்கின.

"கர்ட்டிஸ், அது நான் விதை போட்டு வளர்த்தது."

"தக்காளி கடையில கிடைக்கும் லொரீன். வேகம் கிடைக்குமா?"

லொரீன் போய்த் தன் இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். அன்று அறுபத்தைந்து. கர்ட்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது எடை கூடிய பந்து. அது கை நழுவி லொரீனின் புது வண்டிக் கதவில் குழி போட்டது.

"அப்பா, கை வலிக்குதுப்பா. வேகம் குறைஞ்ச மாதிரி இருக்கு."

"கருவி பொய் சொல்லுமாடா?" அறுபத்தொன்பது.

பிறகு அரிசி வாளி. வீச்சாளர்கள் அரிசிக்குள் கையை விட்டுப் பிசைவது வழக்கம்தான். ஆனால் கர்ட்டிஸ் வாளியில் கொட்டியது, சர்ச் விருந்துக்காக லொரீன் வாங்கி வைத்திருந்த அரிசி.

"இதுல அவன் காலையும் விட்டானா?"

"கை மட்டும்தான். காலுக்கு வேற பயிற்சி இருக்கு."

எழுபத்துமூன்று! தன் டயர் கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் கர்ட்டிஸ் சொல்லித் தீர்த்தார்.

அணித் தேர்வு நடந்த மைதானத்தில் லேண்டன் வீசியது ஐம்பத்தெட்டு. அவன் முகம் தொங்கிப்போனது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"கை களைச்சிருக்கு," என்றார் அணியின் கோச். "ரெண்டு வாரம் ஓய்வு குடுத்துக் கூட்டிட்டு வாங்க. அவனுக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன்."

"ஓய்வா? உங்க கருவிதான் கோளாறு. அவங்கம்மா பிடிச்சாத்தான் இவனுக்குக் கை வரும். லொரீன், வா."

"நான் வேலைக்குப் போகணும் கர்ட்டிஸ். பல் ஆஸ்பத்திரில தேடுவாங்க."

"ஒரே ஒரு பந்து."

லொரீன் பல்லைக் கடித்துக்கொண்டு பந்து பிடிக்கும் கையுறையை மாட்டினாள். லேண்டன் வீசினான். அவள் பிடித்தாள், எழுந்து திருப்பி எறிந்தாள்.

கருவியில் எழுபத்துநாலு. கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார். "பாத்தீங்களா கோச்? நான் சொல்லல?"

கருவியைப் பிடித்திருந்த உதவிப் பயிற்சியாளர் பெண் நிமிர்ந்தாள்.

"கோச், பையன் அதே ஐம்பத்தெட்டுதான். எழுபத்துநாலு அவங்கம்மா திருப்பி எறிஞ்சது. அவங்களுக்கு என்ன அளவு சட்டைன்னு கேளுங்க."