ஒரு ரிங் என்றால் சம்மதம்

ஒரு ரிங் போனதும் கட் பண்ணிவிட்டு, செல்லைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் நைனா முகமதுவுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. துபாய் விமான நிலைய வாசலில் மகன் சஃப்வான் பெட்டியை வாங்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான். அவர் பெட்டியைக் கொடுக்காமல் மலைத்துப்போய் நின்றார்.

"என்னத்தா, உடம்பு சரியில்லையா?"

"உன் தங்கச்சியக் கட்டிக் குடுத்துட்டேன்டா."

"யாருக்கு?"

"அந்த அஸ்ஃபாக்குக்குத்தான். ஆளு கறுப்பா செவப்பான்னு கூட இன்னும் பாக்கல. அதுக்குள்ள வாக்குக் குடுத்துட்டேன்."

பாலைவனத்துக் காற்று அத்தாவின் தலையில் அதற்குள் ஏறிவிட்டதோ என்று சஃப்வான் பயந்துபோனான்.

அது மிஸ்டு கால் காலம். இரண்டாயிரத்து ஆறு. செல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கலாம். பாதிப் பேர் பேசவே இல்லை, ரிங்தான் விட்டார்கள். அதிலும் நைனா முகமது கரை கண்டவர். பெரம்பலூர் கடைவீதியில் அவருக்குப் பாத்திரக்கடை. ராத்திரி கடையைப் பூட்டி, லெப்பைக்குடிக்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வீட்டு லேண்ட்லைனுக்கு ஒரு ரிங் விடுவார். வீட்டில் மனைவி ஜைனம்பு தோசைக்கல்லைத் துடைத்து வைப்பாள். அந்த ஒற்றை ரிங் கேட்டதும் வீட்டுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், இப்போது மணிக்கணக்காக முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதில் அது வரவில்லை. எனக்கு அந்த ரிங்கை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பழக்கம்தான் துபாயில் அவர் காலை வாரிவிட்டது. விமானத்தை விட்டு இறங்கியதும் கை தானாக ஒரு ரிங் விட்டுவிட்டது. ஆனால் இந்தப் பயணத்தில் ஒரு ரிங்குக்கு அர்த்தமே வேறு.

மகள் ஃபஹ்மிதாவுக்கு வந்திருந்த மாப்பிள்ளை அஸ்ஃபாக். துபாயில் ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். "கல்யாணங்கிறது ஆயுசுக்கும் உள்ளது. எங்க பையனை நீங்க நேர்லயே ஒருவாட்டி பாத்துட்டு வந்துடுங்களேன்" என்று சொன்னது அவன் அம்மா மர்ஜியாதான். சஃப்வானும் விசா, டிக்கெட் எல்லாம் அனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மர்ஜியா இவர்கள் வீட்டுக்கு வருவாள், ஜைனம்பு பதில் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன் ஓர் இடம் பூ வைக்கிற கட்டம் வரை வந்து விட்டுப்போயிருந்தது. 'அந்தக் கஞ்சன் வூட்டு சம்பந்தம் வேணாம்' என்று அவர்கள் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு. ஊருக்குப் பொறாமை என்று நைனா முகமது அதைத் தள்ளிவிட்டார். ஆனால் ஃபஹ்மிதா அதற்குப் பிறகு கலகலவென்று சிரித்து அவர் பார்க்கவில்லை. இந்த இடமும் கைவிட்டுப் போகக் கூடாது.

கிளம்பும் முன் செல் கடைக்காரப் பையனிடம் விசாரித்தார். ரோமிங்கில் நாம் கூப்பிட்டுப் பேசினாலும் காசு, அவர்கள் கூப்பிட்டு நாம் எடுத்தாலும் காசு என்றான் அவன்.

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா காசில்லங்க பாய்."

அது போதும் அவருக்கு. அன்று ராத்திரியே ஜைனம்புவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ஒரு ரிங் என்றால் மாப்பிள்ளை சரி, வாக்குக் கொடு. இரண்டு ரிங் என்றால் வேண்டாம். மூன்று ரிங் என்றால் இன்னும் பார்க்கவில்லை, பொறு.

"போன் அடிச்சா எடுக்கக் கூடாது. எண்ணணும். எத்தனை எண்ணுனியோ அத்தனை ரிங்கு எனக்குத் திருப்பி விடு. நானும் எடுக்க மாட்டேன்."

"வேற யாராச்சும் அடிச்சா என்னங்க பண்றது?"

"யாரு அடிச்சாலும் எடுக்காதே. நம்ம போன்லதான் நம்பரு தெரியாதே, நான்தான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

இப்போது விமான நிலைய வாசலிலேயே பைக்குள் செல் ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. ஜைனம்பு எண்ணிவிட்டாள்.

"சரித்தா, மூணு ரிங் விட்டுடுங்க. இன்னும் பாக்கலன்னு புரிஞ்சுக்குவாங்க" என்றான் சஃப்வான்.

காதில் கவனமாக மூன்று எண்ணிக் கட் பண்ணினார். டாக்சியில் ஏறுவதற்குள் பதில் வந்தது. இரண்டு.

"என்னடா ரெண்டு அடிக்கிறா? வேணாம்னு ஆயிடுச்சே!"

"அத்தா, உங்க காதுல கேக்குற ரிங்கும் அங்க அடிக்கிற ரிங்கும் ஒண்ணு இல்ல. இங்க மூணுன்னா அங்க ரெண்டும் அடிக்கும், நாலும் அடிக்கும்."

"இத ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க ரிங்குல நிக்காஹ் நடத்தப் போறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நைனா முகமது வியாபாரி. எடையில் குறைந்தால் கொஞ்சம் கூட்டிப் போடத் தெரியாதா? ஒன்று குறைகிறது என்று கணக்குப் போட்டு, இந்தத் தரம் காதில் நான்கு எண்ணிக் கட் பண்ணினார். திரும்பி வந்தது ஐந்து. ஐந்துக்கு அவர் அர்த்தமே வைத்திருக்கவில்லை.

அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சஃப்வான் தான் ஊருக்குப் பேசி முக்கால்வாசி தீர்த்திருந்த காலிங் கார்டை எடுத்தான். அதிலிருந்த எண்ணை அழுத்தி, வீட்டுக்குப் போட்டான். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டாடா. நான் சொன்னா சொன்னபடி நடக்குறவ உங்கம்மா" என்றார். அவர் குரலில் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

சற்று நேரத்தில் அவர் செல் அலற ஆரம்பித்தது. தான் எண்ணிய அத்தனை ரிங்கையும் ஜைனம்பு நேர்மையாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அத்தா, அம்மாதான்! எடுத்துப் பேசுங்க, எல்லாம் முடிஞ்சுடும்!"

"எடுத்தா காசுடா! தொடாதே!"

சஃப்வான் பாய்வதற்குள் செல்லைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு தேசத்தில் அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு எடுக்காமல் இருந்த அழகை என்ன சொல்ல! அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்த மலையாளி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டான்.

மறுநாள் அவருக்கு வேறு யோசனை வந்தது. கார்டில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறதே, பெரம்பலூர்க் கடைக்குப் பேசலாம். கடையைப் பார்த்துக்கொள்ளும் கருப்பண்ணன் எடுத்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மொதலாளி! நல்லா சேந்தீங்களா? அங்க வெயிலுங்களா?"

"வெயிலுதான். கருப்பண்ணா, கேளு..."

"நம்ம ஊரு வெயிலு மாதிரிங்களா, அதவிட சாஸ்திங்களா?"

"அடேய், கார்டு ஓடுதுடா! நேரா வூட்டுக்குப் போ. அம்மாகிட்ட சொல்லு. மொதல்ல விட்டேன்ல, அந்த ஒரு ரிங்கு..."

அதோடு லைன் அறுந்தது. 'மறந்துடச் சொல்லு' என்ற மிச்சம் துபாயிலேயே நின்றுவிட்டது.

கருப்பண்ணன் விசுவாசி. கடையை அரை நாள் சாத்திவிட்டு, பஸ் பிடித்து, லெப்பைக்குடிக்காடு போய் விஷயத்தைச் சேர்த்துவிட்டான் போலிருக்கிறது. சாயந்தரம் செல் அடித்தது. கணீரென்று, தெளிவாக, ஒரே ஒரு ரிங்.

"இன்னொரு கார்டு வாங்கட்டுமாத்தா?"

"போதும்டா சாமி. வெள்ளிக்கெழம ஆளை நேர்ல பாத்துட்டு, நல்லவனா இருந்தா ஒண்ணும் பண்ண வேணாம், அப்படியே இருக்கட்டும். சரியில்லன்னா..." என்றவர், சரியில்லை என்றால் அதை எத்தனை ரிங்கில் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் உலகத்தில் பெண்ணைப் பெற்றவன் எவனாவது இப்படி மாட்டிக்கொண்டிருப்பானா?

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சஃப்வான் வேலைக்கு ஓடிவிட்டான். துபாயின் தேரா பகுதியில் ஒரு தமிழ் ஓட்டலில் நைனா முகமதுவும் அஸ்ஃபாக்கும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பையன் ஒல்லி. மரியாதை இருந்தது. பிரியாணி வந்ததும் நல்ல துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தான். எல்லாம் சரி. நடுவில் அம்மாவின் செல்லுக்குப் போன் போட்டவன் பேசினான், பேசினான், வைக்கவே இல்லை. சாப்பிட்டியா என்றான். முழங்கால் வலி எப்படி என்றான். ஆட்டுக்குட்டி என்ன நிறம் என்று கூடக் கேட்டான். நைனா முகமது மனசுக்குள் நிமிஷத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார். ஆட்டுக்குட்டியின் நிறத்தை ஐ.எஸ்.டி.யில் கேட்கிறவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?

"தம்பி, எப்பவும் இப்படித்தானா?"

"வாரத்துக்கு ஒருநாள்தான் மாமா. மத்த நாளு மனசுல பேசிக்கிறது." பிறகு அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. ஃபஹ்மிதாவுக்கு இதுல சம்மதமா? நீங்க கேட்டீங்களா?"

நைனா முகமது கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். தனக்கு ஒரு ரிங், இரண்டு ரிங், மூன்று ரிங் என்று மாய்ந்து மாய்ந்து பிரித்து வைத்தாரே, அதில் ஃபஹ்மிதாவுக்கென்று ஒரு ரிங்கைக் கூட அவர் ஒதுக்கவில்லை. பாடம் நடத்திய அன்று அவள் சமையல்கட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அது இப்போது நெஞ்சில் போய்க் குத்தியது.

அவர் செல்லை எடுத்தார்.

"என் போன்ல பேசுங்க மாமா, இதுல கம்மியாத்தான் ஆகும்" என்று அஸ்ஃபாக் நீட்டினான்.

"வேணாம் தம்பி. என் மகள்கிட்ட நான் என் காசுல பேசணும்."

ரிங் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணவில்லை. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். இந்தத் தரம் யாரோ ரிசீவரை எடுத்தார்கள். அங்கே ஏதோ தடதடவென்று சத்தம், ஜைனம்பு "எடுக்காதடி, உங்கத்தா திட்டுவாரு!" என்று கத்துவது கேட்டது.

"அத்தா? எடுத்துட்டேன், திட்டாதீங்க."

"திட்டலம்மா."

"இங்க ஒரே கலாட்டாத்தா. ஒரு ரிங்குன்னதும் வாக்குக் குடுக்குறதுக்குன்னு அம்மா சீனி வாங்குனாங்க. ரெண்டுன்னதும் அழுதாங்க. அஞ்சு வந்ததும் உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு குர்ஆன எடுத்து யாசீன் ஓதுனாங்க. கருப்பண்ணன் அண்ணே வந்த பெறகு மறுபடியும் சீனி வாங்கியாச்சு. அஸ்ஃபாக்கோட அம்மா நாலு நாளா போன் பண்ணி நாங்க எடுக்கலன்னு இப்பவே வந்து ஒக்காந்திருக்காங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம அம்மா தேத்தண்ணியா ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்காங்க."

"அதெல்லாம் கெடக்கட்டும். உனக்கு சம்மதமாம்மா? உன்னைய நான் கேக்கவே இல்லியே."

மறுமுனையில் பேச்சில்லை. அந்த மௌனத்துக்கும் காசு ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டார்.

"நீங்க பாத்தீங்கள்ல அத்தா. எப்படி இருக்காங்க?" என்றாள் மெல்ல.

"நல்ல கறித்துண்டெல்லாம் எனக்கே வெச்சுட்டு வெறும் சோத்தத் திங்கிறான்ம்மா. அம்மாகிட்ட ஆட்டுக்குட்டி வெவரம் கேக்குறான். செலவாளி. ஆனா உன்னைய நல்லா வெச்சுக்குவான்."

ஃபஹ்மிதா சிரித்தாள். கலகலவென்று, பழைய சிரிப்பு. நைனா முகமதுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப எனக்கு சம்மதம்த்தா. சரி, காசு ஓடுது, வெச்சுடவா?"

"வெக்காத. அப்புறம்? அப்புறம் சொல்லு."

போனில் அவர் 'அப்புறம்' என்று சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவள் சொன்னாள். வெள்ளாற்றில் தண்ணீர் வந்திருப்பதைச் சொன்னாள், பூனை குட்டி போட்டதைச் சொன்னாள், அம்மா ராத்திரி பஸ் வருகிற நேரத்துக்குத் தன்னை அறியாமல் தோசைக்கல்லைத் துடைத்து வைத்துவிடுவதையும் சொன்னாள். கடைசியில் அவளேதான் வைத்தாள்.

செல் சூடாகிக் கிடந்தது. பில் எவ்வளவு வருமோ என்று ஒரு கணம் பகீரென்றது. பிறகு ஆற்றுத் தண்ணீர் ஞாபகம் வந்தது, பில் மறந்துபோனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேஜை மேல் அஸ்ஃபாக்கின் செல் ஒரே ஒரு ரிங் அடித்து ஓய்ந்தது. பழக்க தோஷத்தில் நைனா முகமதுவின் மனசு 'ஒண்ணு' என்று எண்ணிக்கொண்டது. அஸ்ஃபாக் எடுத்துப் பார்த்தான். அவன் முகமெல்லாம் பல்.

"யாரு தம்பி?"

"அம்மாதான் மாமா. நீங்க காசு பாக்காம இவ்ளோ நேரம் பேசுனத அங்க கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. உங்க வூட்டுல உக்காந்துக்கிட்டு வாய்விட்டுச் சொல்ல முடியாதுல்ல? ஒரு ரிங்குன்னா, 'மாமனாரு தேறிட்டாரு, சம்மதிச்சுடு'ன்னு அர்த்தம்."