வாயைத் திறக்காமல் செத்த எடைச்சீட்டு புரோகிராம்

சத்தம் போட்டுக் கெட்டுப்போகிற மிஷினை மன்னிக்கலாம். வாயைத் திறக்காமல் செத்துப்போகிற புரோகிராமை மன்னிக்கவே முடியாது. (எழுதியவனையும்தான். அது நான்.)

ஆந்திராவில், சித்தூர் பக்கத்துப் பங்காருபாளையத்தில் என் தாய்மாமா புதிதாக மாங்காய் மண்டி திறந்தார். திருப்பதியில் பி.டெக். முடித்துச் சும்மா கிடந்த நான், எடைச்சீட்டு அடிக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதைத் திறந்தால் பின்னாலேயே ஒரு கறுப்பு ஜன்னலும் வரும். உள்ளே ஏதாவது தப்பு நடந்தால் அதில்தான் எழுதும்.

பூஜையன்று மானிட்டருக்குக் குங்குமம் வைக்க வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடா இது? நல்ல நாள் அதுவுமா கறுப்பு?"

"அது கன்சோல் மாமா. கெடக்கட்டும்."

"மொத வருசம்டா. எட்றா அத்த!"

எடுத்தேன். என் பெயரை இங்கிலீஷில் அடித்துப் பார்த்தேன். சீட்டு வந்தது. கெத்தாக லட்டு தின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டிராக்டர் வரிசை. மாமா முதல் விவசாயியின் பெயரைத் தெலுங்கில் அடித்துப் பட்டனை அமுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். திரை எங்களைப் பார்த்தது, நாங்கள் திரையைப் பார்த்தோம்.

"பிரிண்டர் வயர் மாமா," என்று பிடுங்கிச் சொருகினேன். ரீஸ்டார்ட் செய்தேன். (நாலு வருஷப் படிப்பில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.)

"அமுத்திக்கினே கீறேன், இன்னா ஏதுன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே!"

எடை போடுவீர்களா இல்லையா என்று வெளியே ஒருவர் தெலுங்கு கலந்து கத்தினார்: "ஏமய்யா, தூகம் வேஸ்தாரா லேதா? காய் வெயில்ல வேவுது!"

இரண்டு டிராக்டர்கள் எதிர் மண்டிக்குத் திரும்பின. மாமா அவற்றின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறு வழியில்லாமல் கறுப்பு ஜன்னலைத் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த அமுக்கிலேயே அதில் வந்து விழுந்தது: தெலுங்கு எழுத்தை எழுதத் தெரியவில்லை என்று. இத்தனை நேரமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இல்லாத ஜன்னலைப் பார்த்து.

விஷயத்தைச் சொன்னதும் மாமா வெடித்தார். "சாவறதுன்னா சொல்லிட்டு சாவச் சொல்றா!"

அன்றைக்கே அதற்குத் தெலுங்கு எழுதக் கற்றுக்கொடுத்து, இதையும் மாற்றினேன். எங்கேயும் பிடிபடாத தப்பு எதுவானாலும் ஒரு ஃபைலில் பதிந்துவிட்டு, திரையில் முகத்துக்கு நேரே செய்திப் பெட்டியாக வந்து நிற்கும். போன டிராக்டர்கள் மட்டும் இன்றுவரை எதிர் மண்டிக்குத்தான் போகின்றன.

வீட்டில் யார் உம்மென்று இருந்தாலும் இப்போது இதே கிண்டல்தான். போன மாதம் சென்னை இன்டர்வியூவில் ஊத்திக்கொண்டு வந்து, பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ரசக் கரண்டியோடு அத்தை நின்றார்.

"இன்னாடா, எர்ரரா? சொல்லிட்டுத் துன்னு."

சொன்னேன். அப்புறம்தான் ரசம் ஊற்றினார்.