சோலார் விளக்குக்கு ஆறு குல்லாய்

எனக்குப் பொறாமை சரியாக மாலை ஆறு மணிக்கு வரும். எதிர்வீட்டுக் கவிதாக்காவின் சுற்றுச்சுவரில் சோலார் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம் அது.

நானும் அதே கடையில், அதே நாளில், அதே மாதிரி ஆறு விளக்குகளைத்தான் வாங்கினேன். கோடையில் இரண்டு வீடும் சமம். மார்கழிப் பனி இறங்கியதும் என் விளக்குகள் ஏழரைக்கே கண்ணை மூடின. அக்காவுடையவை, நான் விடியற்காலையில் பாப்பாவுக்குப் பால் காய்ச்சும்போதும் எரிந்துகொண்டிருக்கும். (பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் சன்னலில் நின்றிருக்கிறேன்.)

அந்த ஞாயிறு பாப்பாவின் முதல் பிறந்தநாள். வாசலில் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. "சீரியல் செட்டுக்குச் சொல்லட்டுமா அம்மணி?" என்றார் கணவர். "வேண்டாமுங்க, நம்ம லைட்டே போதும்" என்றேன். கவிதாக்கா முன்னால் அவை ஒருநாளாவது ஒழுங்காக எரிய வேண்டும். பிறந்தநாளைவிட எனக்கு அதுதான் முக்கியம். (மகள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.)

குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும் என்று இணையத்தில் எங்கோ போட்டிருந்தது. அவ்வளவுதான், எனக்குள் இருந்த தாய் விழித்துக்கொண்டாள். பாப்பா தலையை மூடுகிறேன், விளக்கை ஏன் சும்மா விட்டேன்? கணவரின் பனியன் கம்பெனியில் வெளிநாட்டுக் குளிருக்கென்று தைக்கும் கனத்த துணி, கட்டிங் வேஸ்ட்டாக வீட்டில் ஒரு மூட்டை கிடந்தது. இரட்டை மடிப்பில், எலாஸ்டிக் வைத்து, ஆறு குல்லாய் தைத்தேன். (நான் இயற்பியலில் முதுகலை. முதல் வகுப்பு.)

ஞாயிறு மதியம் இரண்டு மணிவரை விளக்குகளை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். பிறகு சுவரில் பொருத்தி, ஏறிய சார்ஜ் குளிரில் வீணாகாமல் இருக்கக் குல்லாய் மாட்டினேன்.

ஆறரைக்கு எல்லோரும் கூடினார்கள். எடுப்பாகத் தெரியட்டும் என்று வாசல் டியூப் லைட்டை நானே அணைத்துவிட்டு, "இப்பப் பாருங்க" என்று ஒவ்வொரு குல்லாயாகக் கழற்றினேன். ஒன்றுமில்லை. ஐந்தாவதில் வேண்டுதல் வைத்தேன். ஆறாவதில் பாப்பா இருட்டுக்குப் பயந்து வீறிட்டாள்.

கணவர் டியூப் லைட்டைப் போட்டார். கவிதாக்கா ஒரு குல்லாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, வெளிச்சம் படலீன்னா ராத்திரி ஆயிருச்சுன்னு லைட்டு தானா எரியுமல்லோ? மத்தியானம் புடிச்சுக் குல்லாய்க்குள்ளயே எரிஞ்சு தீந்துபோச்சு."

அடுத்து விளக்கின் தலையில் விரலை ஓட்டினார். பின்தெரு நிட்டிங் கம்பெனியின் பஞ்சுத் தூசி அடையாக வந்தது.

"இதுல ஒரு பனியனே தெச்சுரலாமாட்ட இருக்குது! இது மூடியிருந்தா வெயிலு எப்படி ஏறும்? நான் தெனமும் கோலம் போட்ட கையோட ஒரு தொட தொடச்சுருவேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். தன் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் சுவரில் வைத்தார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுக் கைதட்டினாள். ஆல்பத்தில் இன்றும் ஒவ்வொரு படத்திலும் என் மகள் முகத்தில் விழுவது கவிதாக்கா வீட்டு வெளிச்சம்.

இப்போது நானும் தினமும் துடைக்கிறேன். விடியும்வரை எரிகின்றன. ஆனால் என் கவலைகளுக்கு வீட்டில் இருந்த மரியாதை போய்விட்டது. போன வாரம் புது வாஷிங் மெஷின் துணி பிழியும்போது கிடுகிடுவென்று ஆடியது. பதறிப்போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"குளுருதாட்ட இருக்குது கண்ணு. அளவெடுத்துக்கோ."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கவிதாக்கா வீட்டு மெஷின் ஆடுவதே இல்லை.