சட்டை வக்கீல்

கணவரின் அலமாரியைக் காலி செய்தே ஏழைகளுக்கு நீதி வாங்கித் தந்த வக்கீல் உலகத்திலேயே ஒருவர்தான். திருவனந்தபுரத்தில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு வாதாடும் இலவச சட்ட உதவி அலுவலகத்துக்கு அவர்தான் தலைவி. நான் அங்கே குமாஸ்தா. நான் 'மேடம்' என்பேன். கோர்ட் வளாகம் முழுக்க அவருக்குப் பெயர் 'சட்டை வக்கீல்'.

கட்சிக்காரன் அழுக்குச் சட்டையோடு கூண்டில் நிற்பது அவருக்கு ஆகாது. "கசங்கின சட்டையைக் கண்டா ஜட்ஜிக்கு அப்பவே பாதி சம்சயம் வந்திரும்டே!" என்பார். அதனால் எங்கள் பீரோவில் சட்டப் புத்தகங்கள் ஒரு தட்டு, இஸ்திரி போட்ட சட்டைகள் மூன்று தட்டு.

ஒருநாள் கணவர் நேரிலேயே வந்துவிட்டார். "என்ற நீலச் சட்டை எவிடே?"

"அது இன்னலே, நேத்து சாயங்காலமே, ஜாமீன்ல போச்சு" என்றார் மேடம், கோப்பிலிருந்து தலை தூக்காமல்.

அதைப் போட்டுக்கொண்டு போனவன் மாரிமுத்து. தென்காசிப் பக்கம். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கட்டட வேலை. செம்புக் கம்பி திருடினான் என்று வழக்கு. ஜாமீன் கிடைத்தும் அவனால் வெளியே வர முடியவில்லை. உள்ளூர்க்காரர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள், அவன்மேல் புகார் கொடுத்த மேஸ்திரி. சொந்த ஊரில் மனைவிக்கு மாசம் நிறைந்திருந்தது. "எம்மா, நான் எடுக்கலம்மா. அவ தனியா கெடக்கா" என்று அழுதான்.

பிணை ஆளில்லாமல் அவனை விடச் சொல்லி மேடம் மனுப் போட்டார். "திரும்பி வருவான் என்று என்ன உறுதி?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"அவன் போட்டிருப்பது என் கணவரின் சட்டை. அவன் வராவிட்டால் நான் வீட்டுக்குப் போக முடியாது."

கோர்ட்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், பிணைக்கு ஆளில்லாத குற்றத்துக்காக ஒருவனை அடைத்து வைக்கலாமா என்று அரைமணி நேரம் வாதாடினார். மாரிமுத்து அன்று மாலையே வெளியே வந்தான்.

அடுத்த வாய்தா அன்று காலை என்னையும் இழுத்துக்கொண்டு தம்பானூர் பஸ் நிலையத்தில் போய் நின்றார். தென்காசி பஸ் ஒன்று வந்தது. அவன் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை.

"இவன் வரலேன்னா, இனி வர்ற பாவப்பட்டவங்களை எந்தக் கோர்ட்டுடே நம்பி விடும்?" என்றார் மெதுவாக. அவரிடம் அப்படியொரு குரலை நான் கேட்டதே இல்லை.

மூன்றாவது பஸ்ஸிலிருந்து மாரிமுத்து இறங்கினான். ஓடி வந்து, "பொட்டப்பிள்ளைம்மா!" என்றான்.

மேடம் வெடித்தார். "எடா கழுதே, இத்தனை வைகியோ வர்றது? இங்க நிக்கற மனுஷியோட உயிரு போச்சு! வல்லதும் தின்னியா?" அப்படியே என் பக்கம் திரும்பினார். "நீ என்னடே பார்த்துட்டு நிக்கறே, மண்டா! போய் மூணு பேருக்கும் தோசை சொல்லு!"

கம்பியை எடுத்தது வேறு ஆள் என்று பிறகு தெரிந்து, மாரிமுத்து விடுதலையானான்.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம் 'டே' இல்லாமல் 'சார்' போட்டு மரியாதையாகப் பேசுகிறார்கள். அது ஒன்றுதான் குறை.