மூணு சுழி ண

பொதுமக்களை இயற்கைப் பேரிடரிலிருந்தும் அக்கம்பக்கத்துச் சண்டையிலிருந்தும் காப்பது எங்கள் அலுவலகத்தின் கடமை. இக்கடமையைச் செவ்வனே ஆற்றுவதற்காக ஒரு மேலதிகாரி, துணை அதிகாரியாக நான், அவசரத் தொலைபேசியில் ஓர் அம்மா, கொட்டகையில் ஒரு ஃபைபர் படகு ஆகியோர் இருந்தோம். இதில் படகு ஒன்றுதான் வேலைக்கு ஆகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த ஆண்டு மேலதிகாரி வெளிநாட்டில் பயிற்சி முடித்துத் திரும்பினார். போகும்போது வெள்ளம் என்று சொன்னவர், வரும்போது 'நீர்மிகைச் சூழல்' என்றார். சண்டை 'கருத்துப்பெருக்கு' ஆகிவிட்டது. வந்த அன்றே கூட்டம் போட்டார்.

"பாதிக்கப்பட்டவர்னு இனிமே யாரும் சொல்லக்கூடாது. மனுஷனைக் குறைச்சுப் பேசற வார்த்தை. உலகத்துல இப்ப யாரும் அதைத் தொடறதே இல்ல."

"வேற என்னன்னு சொல்றது சார்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

நான் கல்லூரி நாட்களில் கவிதை எழுதியவன். அந்தக் கவிதைகளை அடுப்படி அலமாரிக்கு விரித்தே என் மனைவி தீர்த்துவிட்டாள் என்றாலும், திறமை எங்கே போகும்? மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் அவர் மேஜை முன் நின்று ஒரே சொல்லைச் சொன்னேன்: "மீண்டெழுநர்."

மேலதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சொல்லுக்கு அவ்வளவு சக்தி.

வீட்டில்தான் அதன் அருமை தெரியவில்லை.

"ஓட்டுநர், நடத்துநர் மாதிரி இருக்கே," என்றாள் மனைவி. "இவரு பஸ்ல எங்க உக்காருவாரு?"

"வெள்ளத்துல மாட்டினவரு."

"மாட்டினவரைத்தான் எழுந்தவருன்னு சொல்லணுமா? அப்ப கடன்காரனைப் பணக்காரன்னு சொல்லுங்க."

நிறைமாதமாக எங்களோடு தங்கியிருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, கொஞ்ச நாளைக்கு என்னைச் சிரிக்க வைக்காதீங்க."

சிரிக்கட்டும். அலுவலகத்தில் என்னைத் தலைவராகக் கொண்டு 'சொல்லாக்கப் பிரிவு' உதயமாயிற்று. பிரிவு உதயமானால் அதற்கு ஓர் அறை வேண்டும். இருந்த ஒரே இடம் படகுக் கொட்டகை. இதைப் பற்றி மேலதிகாரியும் நானும் ஆழ்ந்து ஆலோசித்தோம்.

"மீண்டெழுநர்னா யாரு?"

"தானா மீண்டு எழறவரு சார்."

"தானா எழறவருக்குப் படகு எதுக்கு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அனுப்பினா அவருக்கு அவமானம் சார்," என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே படகு வாசலுக்கு வந்தது. சும்மா கிடந்தால் நன்றாக இருக்காது என்று மண் நிரப்பிச் செவ்வந்தி வைத்தோம். தண்ணீர் தேங்கி வேர் அழுகியது. மண்ணை வெளியே அள்ளிக் கொட்டிவிட்டு, துளைபோடும் மிஷினோடு ஓர் ஆளை வரவழைத்தோம். மேற்பார்வை நான்.

"நாலு ஓட்டை போதுமா சார்?"

"ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக்கூடாதுப்பா. தாராளமா போடு."

தாராளமாகப் போட்டான். செவ்வந்தி அமோகமாகப் பூத்தது.

இந்தச் சமயத்தில்தான் இரண்டு பேர் என் அறைக்கு வந்தார்கள். ஒருவர் மேல்தெருத் தேநீர்க் கடைக்காரர். மற்றவர் கீழ்த்தெரு மரக்கடைக்காரர், எனக்கு எதிர்வீடு. இரண்டு தெருவுக்கும் நடுவில் வாய்க்கால் ஓடுகிறது, அதாவது ஓட வேண்டும். அதில் குப்பை கொட்டுவது யார் என்பதில் அவர்களுக்குள் நெடுநாள் கருத்துப்பெருக்கு உண்டு. ஒருமுறை அது மண்டையை உடைக்கும் அளவுக்குப் பெருகியது.

"சார், வாய்க்கால் வாய் அடைச்சுக் கெடக்கு. மழைக்கு முன்னாடி தூர் வாரணும்," என்றார் தேநீர்க் கடைக்காரர்.

"அடைச்சது யாருன்னு முதல்ல கேளுங்க," என்றார் மரக்கடைக்காரர்.

"இது சொல்லாக்கப் பிரிவுங்க. இங்க தூர் வார்றதில்ல," என்று விளக்கினேன். "ஆனா ஒண்ணு, வெள்ளம் வந்தா இனிமே உங்களை யாரும் பாதிக்கப்பட்டவர்னு சொல்ல முடியாது. நீங்கல்லாம் மீண்டெழுநர்."

"மீன் எழுநரா?"

"மீன் இல்லீங்க, மீண்டு. மூணு சுழி ண."

"தண்ணிக்குள்ள கெடக்கப்போறோம். மீனே சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மரக்கடைக்காரர் எழுந்து போனார். படிக்காதவர்களோடு இதுதான் சிரமம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் படித்தவரும் அப்படித்தான் இருந்தார். நாற்சந்தியில் கட்டுவதற்காக 'நாம் அனைவரும் மீண்டெழுநர்' என்று ஒரு பெரிய பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தோம். கடைக்காரர் பட்டதாரி. ரெண்டு சுழி 'ன' போட்டு 'மீன்டெழுநர்' என்று அடித்து அனுப்பிவிட்டார். போனில் அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். தமிழ் இனி மெல்ல மூழ்கும் என்றுகூடச் சொன்ன ஞாபகம். அவர் வேறொன்று சரியாக அடித்துக் கொடுத்தார். காற்று கிழிக்காமல் இருக்க அதில் அங்கங்கே ஓட்டை போட்டு நாற்சந்தியில் கட்டினார்கள். பிழையான பிளெக்ஸைச் சுருட்டி என் அறை மூலையில் கண்ணில் படாமல் நிறுத்தினேன்.

மழை வந்தது. அது எந்தப் பயிற்சிக்கும் போகாத மழை. வாய்க்கால் வாய் அடைத்திருந்ததால் தண்ணீர் ஒரு நல்ல இடமாகப் பார்த்துத் திரும்பிக் கீழ்த்தெருவுக்குள் வந்தது. மதியத்துக்குள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மிதந்தது. மகளைக் கைத்தாங்கலாக மொட்டை மாடிக்கு ஏற்றினோம். ஏறியதும் அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

"அப்பா, வலி வருது."

நான் அவசர எண்ணுக்குப் போன் போட்டேன்.

"நான்தாம்மா பேசறேன். கீழ்த்தெரு மாடியில நிக்கறோம். உடனே படகு வேணும்."

"சார், நீங்க பாதி... மன்னிச்சுக்கங்க. நீங்க மீண்டெழுநரா சார்?"

"இன்னும் எழலைம்மா."

"எழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார். கணக்குல சேர்த்துக்கறேன்."

"விளையாடாதீங்கம்மா. பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு. அந்தப் படகை அனுப்புங்க."

"படகுல பூச்செடி இருக்கே சார்."

"அதைக் கொட்டுங்க."

"கொட்டிடலாம். ஓட்டையை என்ன சார் பண்றது? நீங்கதானே தாராளமா போடச் சொன்னீங்க."

"மேலதிகாரி எங்க?"

"நீர்மிகைச் சூழல் கருத்தரங்குக்கு வெளியூர் போயிருக்காரு சார்."

அந்த அம்மா கேலி செய்யவில்லை. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மனைவி இந்த ஒரு தடவை எதுவும் குத்திக் காட்டவில்லை. மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யாரையாவது கூப்பிடுங்க," என்றாள், அவ்வளவுதான். அவள் கேலி செய்திருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

யாரைக் கூப்பிட? கூப்பிட்டால் வரவேண்டிய ஆளே நான்தானே. எதிர் மாடியைப் பார்த்து வாய்விட்டு அழுதேன்.

மரக்கடைக்காரர் அங்கிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் மேட்டில் நின்ற தேநீர்க் கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மண்டை உடைந்த பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுகரைக்கு நீந்திப் போனார். இருவரும் எங்கள் அலுவலகம் இருக்கும் பக்கம் ஓடினார்கள்.

திரும்பி வரும்போது படகில் வந்தார்கள். மண்ணும் பூவும் இல்லை. படகின் அடி முழுக்கப் பிளெக்ஸ் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தது. பக்கவாட்டில் ஆள் உயர எழுத்தில் 'மீன்டெழுநர்' என்று தெரிந்தது.

"நாற்சந்தியில இருந்ததைத்தான் முதல்ல கழட்டினோம்," என்றார் தேநீர்க் கடைக்காரர். "அதுல படகைவிட ஓட்டை ஜாஸ்தி. உங்க ரூம்ல சுருட்டி வச்சிருந்தது புதுசா இருந்துச்சு."

"அது தப்பா அடிச்சதுங்க," என்றேன். அந்த நிலையிலும் சொன்னேன்.

"தப்போ சரியோ, தண்ணி அதிகம் வரலை. பொண்ணைப் பிடிங்க சார்."

நான் தேநீர்க் கடைப் பாத்திரத்தால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தேன். தெருமுனையில் வாய்க்கால் வாயருகே தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. மரக்கடைக்காரர் கழியை ஊன்றிப் படகை ஒதுக்கினார்.

"சார் தேடின மூணாவது சுழி அங்க இருக்கு," என்றார் தேநீர்க் கடைக்காரர்.

ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். மகள் நலம். மனைவி குழந்தையின் தலையை மெதுவாகத் திருப்பி எனக்குக் காட்டினாள். உச்சியில் ரெண்டு சுழி.

வெள்ளம் வடிந்ததும் மேலதிகாரி திரும்பி வந்து விசாரணை நடத்தினார். சரியாக எழுதிய சொல் நாற்சந்தியில் தொங்கி ஒருவரையும் காப்பாற்றவில்லை. தவறாக எழுதிய சொல் ஓர் உயிரை, கவனித்தால் இரண்டு உயிரை, காப்பாற்றியிருக்கிறது. ஆகவே குறை எழுத்தில்தான் என்பது ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. இனி அச்சொல்லை ரெண்டு சுழியில் மட்டுமே எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. சொல்லாக்கப் பிரிவு எழுத்தாக்கப் பிரிவாக விரிவடைந்தது.

அடுத்த வாரம் இரண்டு தெருக்காரர்களும் திரண்டு வந்தார்கள். வாய்க்காலைப் பற்றித்தான் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு கோப்பை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு ஒரு பிளெக்ஸ் வேணும் சார்," என்றார் தேநீர்க் கடைக்காரர். "அந்த எழுத்துலயே."

"வாய்க்கால்?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"அதைத் தூர் வாரணும்னா இவங்க தெருவோட உக்காந்து பேசணும். பிளெக்ஸ்னா அவனவன் வீட்டுக்கு அவனவன் வாங்கிட்டுப் போயிடலாம்."

"கீழ்த்தெருவுக்குத்தான் தண்ணி வந்துச்சு. எங்களுக்குப் பெரிய சைஸ்," என்றார் மரக்கடைக்காரர்.

"படகு கொண்டுவந்தது நாங்க."

"நீங்க மட்டுமா?"

கருத்துப்பெருக்கு ஆரம்பமாயிற்று. மேலதிகாரி பூரித்துப்போனார். மக்களே முன்வந்து கேட்பது இதுதான் முதல் தடவையாம். படகில் மறுபடி மண் போட்டுச் செவ்வந்தி வைத்தோம். ஓட்டை ஏற்கெனவே இருந்ததால் அந்த வேலை மிச்சம்.

இவர்களைப் பார்த்து நான் சிரித்திருப்பேன். ஆனால் அதற்கு முன்பே என் வீட்டுக்கு இரண்டு சொல்லி வைத்திருந்தேன். பிளெக்ஸ் கடைக்காரர் போனில் கேட்டார்:

"காத்துக்கு ஓட்டை போடணுமா சார்?"

"வேணாம்ப்பா," என்றேன். "வீட்டுல கைக்குழந்தை இருக்கு."