மூன்றாவது கொக்கி

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதும்போதே கை கொஞ்சம் நிற்கிறது. உங்கள் நிறுவனத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு வருஷமாக நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தையால்தான். போனில் பேசலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள், "உங்க ஆர்வம் எங்களுக்குப் புரியுது மாமா" என்கிறீர்கள். மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது? அதனால் எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் பதில் வேண்டும்.

கல்யாணப் பேச்சின்போது என்ன வேலை என்று கேட்டதற்கு, "எதிர்பார்ப்பை மேனேஜ் பண்றேன் மாமா" என்றீர்கள். என் காதில் விழுந்தது மேனேஜ் மட்டும்தான். மாப்பிள்ளை மேனேஜர் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு கேம் வருவதற்கு முன்னால் ஜனங்கள் அதற்கு ஏங்க வேண்டும், ஆனால் ரொம்பவும் ஏங்கிவிடக் கூடாது, சொன்ன நாளில் வராவிட்டால் கோபப்படவும் கூடாது, இதற்கெல்லாம் அறிவிப்பு எழுதுகிற வேலை உங்களுடையது. எனக்கு வருத்தமில்லை. அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் நானும் செய்திருக்கிறேன். இருபது வயதில் நடைபாதையில் குடை விற்றபோது, சரக்கின் குறையைத்தான் முதலில் சொல்வேன். "இந்தக் குடை பெருங்காத்துல திரும்பிக்கும், பார்த்துப் பிடிங்க." வாங்கிப் போனவர் குடை திரும்பும்போது என்னைத் திட்ட மாட்டார், கடைக்காரர் அப்பவே சொன்னார் என்று தன்னைத்தான் திட்டிக்கொள்வார். அந்த ஒரே வித்தையில் வளர்ந்ததுதான் இந்தக் கேம் கடை. விற்பனைக்கு ஓர் அலமாரி, மணிக்கணக்கில் உட்கார்ந்து விளையாட நாலு திரை. உங்கள் சங்காத்தம் வரும்வரை என் வாயிலிருந்து ஒரு பொய்த் தேதி வந்ததில்லை.

அந்தக் கலங்கரை விளக்க கேமின் மூன்றாம் பாகம் வரப்போகிறது என்று நீங்கள் அறிவித்ததும், உங்கள் ஆபீஸிலிருந்து ஆளுயர அட்டை வீரன் ஒருவனை லாரியில் அனுப்பிவைத்தீர்கள். வாசலில் நிறுத்தினேன். அத்தை மூன்று நாள் காலையில் அவனைப் பார்த்துத் திடுக்கிட்டாள், நாலாம் நாள் அவன் தோளில் ஈரத்துண்டைக் காயப்போட்டாள். மாப்பிள்ளை கம்பெனி சரக்காயிற்றே, நாமும் ஏதாவது செய்வோம் என்று, "இன்னும் இத்தனை நாள்" என்று எழுதி, தகர எண்களைத் தினம் மாற்றி மாட்டுகிற மாதிரி ஓர் இரும்புப் பலகை செய்யச் சொன்னேன். செய்தவர் தெருமுனைப் பட்டறை வெல்டர். "எத்தனை நாள் முதலாளி?" என்றார். தொண்ணூறு என்றேன். "அப்ப ரெண்டு கொக்கி போதும். நூறு நாளைக்கு மேல ஒரு விளையாட்டுக்கு எவன் காத்துக்கிட்டு இருப்பான்" என்றார். இதைச் சொன்னவர்தான் அந்த கேமுக்காக முதல் ஆளாகக் காத்திருந்தவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஐம்பத்தாறு வயது, தனி ஆள். பட்டறையைச் சாத்தியதும் நேரே வந்து நாலாவது திரையில் உட்காருவார். முதல் இரண்டு பாகங்களையும் மூன்று தடவை முடித்தவர். இரண்டாம் பாகம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். வீரன் மேலே ஏறிப்போய் உச்சிக் கதவைத் தள்ளுகிறான், கதவு பாதி திறக்கிறது, வெளிச்சம் விழுகிறது, முடிந்தது. "அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கும் முதலாளி" என்று கேட்டுக்கொண்டேதான் மனிதர் எழுந்து போவார்.

பலகை பன்னிரண்டுக்கு வந்த நாளில், மேலும் மெருகேற்றுவதற்காகத் தள்ளிப்போகிறது, இன்னும் நூற்றி நாற்பது நாள் ஆகும் என்று அறிவித்தீர்கள். எங்கள் பலகையில் கொக்கி இரண்டு. மாட்டக்கூடிய பெரிய எண் தொண்ணூற்றொன்பது. அதை மாட்டி நாற்பத்தொரு நாள் அப்படியே விட்டேன். தினமும் அதே எண்ணைப் பார்த்தவர்கள், "மாமா கடையில காலம் நின்னு போச்சுடா" என்று உள்ளே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். அதுவும் கழிந்து எண் கீழே இறங்கியபோது இரண்டாவது அறிவிப்பு, அதில் நாளே இல்லை. "விரைவில்" என்று ஒரு வார்த்தை. அதை நான் எந்தக் கொக்கியில் மாட்டுவது? இரண்டு மாதம் பலகை மொட்டையாக நின்றது. பிறகு, இருநூற்றுப் பத்து நாள் என்றீர்கள். மூன்றாவது கொக்கி ஒன்று வேண்டும் என்று வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

வந்தார், வைத்தார், போய்விட்டார். மறுநாள் எண்ணை மாட்டிப் பார்த்தால், இருபத்தொன்று மேலே நிற்கிறது, பூஜ்யம் நாலு விரல்கடை கீழே தொங்குகிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் இருபத்தொரு நாள் என்று படித்துவிட்டார்கள். கடைக்குள் அன்று நிற்க இடமில்லை. கோபத்தோடு வெல்டரை அழைத்து, "என்னய்யா, இது மட்டும் கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போகுது" என்றேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை, விரலால் தடவினார். மூன்று கொக்கியையும் ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு, "அட, ஆமா" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கண் எப்போதோ போய்விட்டதாம், மற்றதும் போய்க்கொண்டிருக்கிறதாம். ஆபரேஷன் செய்யலாம், தேறினாலும் தேறும், தேறாமலும் போகும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். "என்னைக்கு ஆபரேஷன்?" என்றேன். "கதவைத் திறந்து பார்த்துட்டுப் போறேன்." "எந்தக் கதவை?" "கலங்கரை விளக்கக் கதவைத்தான். அப்புறம் பார்வை இருக்கோ இல்லையோ. நீங்கதானே முதலாளி தொண்ணூறு நாள்னு மாட்டினீங்க. தொண்ணூறுக்கு அப்புறம் வர்றேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். நீங்க நூத்தி நாப்பதுன்னீங்க, நானும் நூத்தி நாப்பதுன்னேன். விரைவில்னீங்க, நானும் விரைவில்னேன்." சிரித்துக்கொண்டே சொன்னார் மாப்பிள்ளை. மறுநாள் கடையை அத்தையிடம் விட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அவரைத் திட்டவில்லை, என்னிடம்தான் சொன்னார். "முதல்ல சொன்னப்பவே வந்திருந்தா பத்துல அஞ்சு. இப்ப பத்துல மூணு." வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அந்த இரண்டையும் தின்றது என் வாசல் பலகை.

கொக்கியைத் திருப்பி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது அப்படியே கோணலாகத்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு மட்டும் அவர் அப்போதும் இசையவில்லை. ஆசையைக் குறைத்தால் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று கணக்குப் போட்டு, என் பழைய குடை வித்தையை எடுத்தேன். கடையில் எல்லார் காதிலும் விழும்படி, "மூணாம் பாகம் நல்லா இருக்காது, முதல் பாகத்துல பாதிகூடத் தேறாது" என்றேன். என்ன நடந்தது தெரியுமா? "மாமாவுக்கு உள்ளே ஆள் இருக்கு. மாப்பிள்ளை எல்லாம் சொல்லிட்டார். பிரமாதமா வந்திருக்கு, அதை மறைக்கத்தான் இந்த மனுஷன் இப்படிப் பேசறார்" என்று ஊரெல்லாம் பேச்சு. கூட்டம் இரட்டிப்பானது. சரி, எண்ணே வேண்டாம் என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓர் அட்டையில் "வந்தால் வரும்" என்று எழுதிக் கட்டினேன். அதை எவனோ போட்டோ எடுத்துப் பரப்ப, அது உங்கள் ஆபீஸ் வரை போக, நீங்கள் அதையே டீ ஷர்ட்டில் அச்சடித்து இருபது எனக்கு அனுப்பிவைத்து, "எதிர்பார்ப்பை உங்களை மாதிரி யாராலயும் மேனேஜ் பண்ண முடியாது மாமா" என்று போனில் பாராட்டினீர்கள். அந்தச் சட்டையில் ஒன்றை வெல்டர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று இழுத்துவிட்டுக்கொண்டு, "தோள் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. முன்னால என்ன முதலாளி எழுதியிருக்கு?" என்றார். நான் சொல்லவில்லை. கம்பெனி பேர் என்றேன்.

அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் போட்டு, தேதியெல்லாம் இருக்கட்டும், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள், ஒருத்தருக்கு வாய்வழியாகச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டேன். "அதை இன்னும் முடிவு பண்ணல மாமா" என்றீர்கள். பக்கத்தில் நின்ற அத்தை கேட்டுவிட்டாள். "பின்னால என்ன இருக்குன்னே தெரியாமலா மூணு தடவை தேதி சொன்னாங்க? நம்ம பொண்ணு அங்க நல்லாத்தான் இருக்காளா, இல்ல அதுவும் அறிவிப்பா?" என்றாள். அதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

இப்போது என் கோரிக்கை. உங்கள் கம்பெனித் தாளில், முத்திரை குத்தி, வெல்டர் பேருக்கு ஒரே வரி எழுதி அனுப்புங்கள். "இந்த கேம் வராது, ஒருக்காலும் வராது." மெருகேற்றல், ஆர்வம் புரிகிறது, பொறுமைக்கு நன்றி, ஒன்றும் வேண்டாம். அது பொய்யோ மெய்யோ எனக்குக் கவலையில்லை. உங்களுக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். வெறும் தாளைப் பிடித்துக்கொண்டு நானே வாசித்துக் காட்டிவிடலாம்தான், ஆனால் முப்பது வருஷம் இரும்பைத் தடவிப் பார்த்த விரல், முத்திரை இல்லாத தாளைக் கண்டுபிடித்துவிடும். இதனால் உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம், யோசித்தேன். வந்தால் இங்கே வந்துவிடுங்கள், கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே குறையை முதலில் சொல்ல வேண்டும். இனி எந்த நிறுவனத்துக்கும் என் வாசலில் தேதி மாட்ட மாட்டேன், இது முடிவு.

என் மகளிடம் அம்மா விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும், வீட்டுக் காரியங்களாவது சொன்ன நாளில் நடக்க, நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடுவதற்குள் வெல்டரே வந்துவிட்டார். உங்கள் தாளுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், "கேம் வராதாம்யா. மாப்பிள்ளை சொல்லிட்டார்" என்று போட்டுடைத்தேன். அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "தெரியும் முதலாளி. ரெண்டாவது தடவை தள்ளினாங்களே, அப்பவே தெரியும். கம்பி வாங்கப் போற இடத்துல ரெண்டு தடவை நாளைக்குன்னு சொன்னா மூணாவது தடவை நான் போக மாட்டேன்." பின்னே எதற்கய்யா ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தாய் என்றேன். "பயம். தேதி தள்ளிப்போகப் போக எனக்கு ஒரு சாக்கு கிடைச்சுது. மூணாவது கொக்கி வைக்கக் கூப்பிட்டீங்களே, அன்னைக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா." பிறகு அவர் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இன்றிலிருந்து இருபத்துமூன்றாம் நாள் ஆபரேஷன், அதிலிருந்து பதினோராம் நாள் கட்டு அவிழ்ப்பார்கள். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "பலகையில இப்ப என்ன போட்டிருக்கு?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "ஏதாவது போடுங்க முதலாளி. வராட்டிப் போகட்டும். அவிழ்க்கிற அன்னைக்குன்னு ஒண்ணு இருக்கணும்" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே கேட்ட தாளை அனுப்ப வேண்டாம். இன்றிலிருந்து முப்பத்துநாலாம் நாள் கேம் வருகிறது என்று உடனே அறிவியுங்கள். அதற்கு மறுநாள் நீங்கள் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நன்றாக எழுதுங்கள், நம்பும்படி எழுதுங்கள். அட்டை வீரனைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டேன். எண்ணையும் மாட்டிவிட்டேன். இரண்டு கொக்கி போதுமானதாக இருந்தது.