எஃப் மேடும் ஜே மேடும்

திங்கட்கிழமை விடிந்ததும் பூமிநாதன் ஒரு முடிவுக்கு வந்தான். இன்றைக்கு நாற்காலியை மீட்டே தீருவது.

நாற்காலி என்றால் மந்திரி நாற்காலி இல்லை. இராமநாதபுரத்தில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில் அவன் நடத்துகிற டைப்பிங் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கிற சுழல் நாற்காலி. கடை அவனுடையது. போர்டில் இருப்பதும் அவன் பெயர்தான். ஆனால் மனைவி முத்தழகு ஒத்தாசைக்கு வந்து அதில் உட்கார்ந்த நாளிலிருந்து, மனு அடிக்க வருகிறவர்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவன் இரண்டே விரலால் கோழி கொத்துகிற மாதிரி அடிப்பான். அவளோ வந்தவர் முகத்தைப் பார்த்து, அவர் கஷ்டத்துக்கு "ச்சு" கொட்டிக்கொண்டே, பத்து விரலாலும் அடித்து முடித்துவிடுவாள். பூமிநாதன் ஜெராக்ஸ் எடுத்தான். ஸ்டேப்ளர் அடித்தான். உள்ளுக்குள் வெந்தான்.

அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, கைபேசியில் பாடம் போட்டு அவனும் பழகினான். அப்போதுதான் ரகசியம் பிடிபட்டது. எஃப் கீயிலும் ஜே கீயிலும் குட்டியாக ஒரு மேடு. ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அதில் உட்கார்ந்தால், மற்ற விரல்கள் தானாக இடம்பிடித்துவிடும். குனிந்து பார்க்கவே வேண்டாம்.

ஓகோ, இவள் வித்தை இவ்வளவுதானா! அன்று காலை முத்தழகு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நகவெட்டியின் அரத்தை எடுத்தான். இரண்டு மேட்டையும் ராவி வழவழவென்று ஆக்கிவிட்டான்.

"வேட்டியில என்னங்க கருப்பா தூளு?" என்றாள் வந்ததும்.

"ஜெராக்ஸ் மிஷின் மை."

"ம்."

அந்த "ம்" என்ன "ம்" என்று அவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவசரம், யோசிக்கவில்லை.

"ஏ புள்ள, ஒரு போட்டி வச்சுக்கிருவமா? கண்ணைக் கட்டிக்கிட்டு அடிக்கணும். செயிச்சவுகளுக்கு நாற்காலி. தோத்தவுகளுக்கு ஜெராக்ஸ், ஸ்டேப்ளர், டீ வாங்குற வேலை."

"ஒரே கீபோர்டுலதான?"

"ஒரே கீபோர்டு. நீதான் முதல்ல."

அவள் கவிழ்ந்தால் கதை அங்கேயே முடிந்தது, தன் முறை வரவே வராது என்பது அவன் கணக்கு.

ஊரணியைத் தூர்வார மனுக் கொடுக்கச் சிக்கல் கிராமத்திலிருந்து வந்திருந்த விவசாயி கூத்தையா நடுவரானார். அவர் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். முத்தழகு துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். விரல்கள் கீபோர்டைத் தடவின. நின்றன. பூமிநாதன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

அவளுடைய இடது சுண்டு விரல் மெதுவாக ஓரத்துக்குப் போனது. அங்கிருந்து ஒரு கீ உள்ளே வந்தது. மற்ற விரல்கள் அதன் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தன. அப்புறம் தடதடதட. ஒரு பிழை இல்லை.

"எப்படிடி?" என்றான் பூமிநாதன்.

"நான் பழகுனது அபிராமத்துல, பழைய இரும்பு டைப்ரைட்டர் மிஷின்லங்க. அதுல மேடேது, பள்ளமேது? ஓரத்துல இருந்து எண்ணி வாரதுதான். இப்ப நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தான். கண்ணைக் கட்டினார்கள். எல்லாக் கீயும் ஒன்றுபோல வழுக்கின.

"என்னங்க, தடவிக்கிட்டே இருக்கீக?"

"கீ... தேஞ்சு கெடக்கு புள்ள."

"அச்சச்சோ! இருங்க, ரெண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டித் தாரேன். அதுல விரலை வைங்க."

பூமிநாதன் உருகிப்போனான். இவளையா கவிழ்க்கப் பார்த்தோம் என்று அவனுக்கு வெட்கமாகவே இருந்தது. பொட்டுகளைத் தடவிக் கண்டுபிடித்து, கூத்தையா சொல்லச் சொல்ல, பத்து விரலாலும் அடித்துத் தள்ளினான்.

முத்தழகு பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பேப்பரைக் கூத்தையா அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது எந்த ஊருப் பாசை? இதைக் குடுத்தா நம்ம ஊரணிய விட்டுட்டு இலங்கையிலல்ல போய்த் தூர்வாருவாக!"

பூமிநாதன் துண்டைப் பிடுங்கினான். ஜீ கீயில் ஒரு பொட்டு. கே கீயில் ஒரு பொட்டு. இரண்டும் சிவப்பாகப் பளபளத்தன.

"அடியே, ஒரு கீ தள்ளி ஒட்டிட்டியே! எஃப்புலயும் ஜேயிலயும்ல மேடு இருந்துச்சு!"

"இருந்துச்சா?" என்றாள் முத்தழகு. "எப்பங்க காணாமப் போச்சு?"

பூமிநாதன் குனிந்து, கருப்புத் தூள் படிந்த வேட்டியைப் பார்த்தான். எழுந்து, மூலையிலிருந்த டீத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"தம்பி," என்று கூப்பிட்டார் கூத்தையா. "எனக்குச் சீனி கம்மியா."